ஒரு ஆள் கம்மி

கும்மிடிப்பூண்டி
14.6.2025

அன்புத் தங்கை ஏஞ்சலினுக்கு அக்கா மெர்சி எழுதுவது. ஸ்தோத்திரம்.

உன் பெண் ஹெலன் பத்திரமாக என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஆறு வயது முடிந்த பிள்ளையை ஜெயிலில் தாயோடு வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் எழுதியவருக்குப் பிள்ளை குட்டி இருந்ததா என்று தெரியவில்லை. போகட்டும். போனில் பேசினால் நீயும் அழுகிறாய், நானும் அழுகிறேன், அவளோ போனைத் தொடவே மாட்டேன் என்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதல் நாளே மானம் போனது. பக்கத்து வீட்டு பானு, பிள்ளையைப் பார்க்கத் தட்டு நிறைய முறுக்கோடு வந்தாள். ஹெலன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, நீங்க இன்னா கேசு?" என்றாள். பானு முறுக்கைத் தட்டோடு கீழே போட்டுவிட்டாள். அடுத்து உன் மாமாவிடம் போனாள். "பெரிப்பா, உங்களுக்கு எப்ப ரிலீஸ்?" அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எனக்கு ஆயுள் தண்டனைம்மா. உங்க பெரிம்மாதான் ஜட்ஜி" என்கிறார். இருபது வருஷமாக இந்த மனுஷனுக்குச் சோறு போட்டதற்கு நல்ல மரியாதை.

கதவு அகலத் திறந்து கிடந்தாலும் வாசற்படியில் நின்றுவிடுகிறாள். யாராவது "போ" என்று சொன்னால்தான் கால் நகர்கிறது. என் பிள்ளை மோசஸ் இதற்கென்றே ஒரு வேலைக்காரன் மாதிரி அவள் பின்னாலேயே "போ, போ" என்று சொல்லிக்கொண்டு அலைகிறான்.

சாயங்காலம் விளக்குப் போட்டதும் சுவரோரம் போய் நின்றாள். ஏன் என்று கேட்டேன். "கணக்கு எடுக்க வருவாங்க பெரிம்மா" என்றாள். யாரும் வரவில்லை. கடைசியில் அவளே விரல் நீட்டி எண்ணினாள். பெரிம்மா, பெரிப்பா, மோசஸ் அண்ணன், நான். பிறகு என்னைப் பார்த்து, "ஒரு ஆள் கம்மி" என்றாள். 

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
மெர்சி


27.6.2025

அன்புள்ள அக்காவுக்கு, ஸ்தோத்திரம்.

இங்கே கடிதத்தைப் படித்துப் பார்த்துத்தான் கையில் கொடுப்பார்கள். இந்தத் தடவை மேடம் சிரித்துக்கொண்டே கொடுத்தார். நான் உரக்க வாசித்தேன். பக்கத்துப் பாயில் படுக்கிற திலகவதி அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. ஹெலனுக்கு நடை பழக்கியதே அவர்தான். புதிதாக வருகிறவர்களை முதலில் என்ன கேஸ் என்றுதான் இங்கே கேட்போம். அவளுக்கு அது வணக்கம் சொல்வது மாதிரி. பானுவைக் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

அக்கா, உன்னிடம் இரண்டு கேட்கிறேன். சிரிக்கிற செய்தி மட்டும் எழுது. அவள் அழுதாள் என்று எழுதாதே, இங்கிருந்து நான் என்ன செய்ய முடியும்? இரண்டாவது, அவளை இங்கே மனு போட்டு என்னைப் பார்க்க அழைத்து வராதே. உள்ளே என் மடியில் கிடந்த பிள்ளையைக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிறுத்திப் பார்க்க என்னால் ஆகாது.

அவள் வயிற்றில் இருந்தபோது அவர் குடித்துவிட்டு வந்து அடித்தார். நான் தள்ளினேன். அவர் படியில் விழுந்து போய்ச் சேர்ந்தார். அதற்குக் கோர்ட் கொடுத்ததை நான் அனுபவித்துத் தீர்ப்பேன், இன்னும் நாலு வருஷம். ஆனால் அதற்குள் ஹெலன் என்னை மறந்துவிடக் கூடாது. எனக்கு இருக்கிற பயம் அது ஒன்றுதான்.

ஏஞ்சலின்


கும்மிடிப்பூண்டி
23.8.2025

அன்புத் தங்கைக்கு, ஸ்தோத்திரம்.

நீ கேட்ட சிரிப்புச் சரக்கு கைவசம் நிறைய இருக்கிறது. உன் மகள் தாழ்ப்பாள் போடக் கற்றுக்கொண்டாள். போன வாரம் நான் வேலை முடிந்து தேர்வாய் கண்டிகையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து சேர்ந்து சமையலில் இருந்தேன். மாமாவுக்கு ரோலிங் மில்லில் ஓவர்டைம். அவர் வந்து தட்டினால் உள்ளேயிருந்து குரல் வருகிறது: "ஆறு மணி ஆயிட்ச்சி. இனிமே நாளைக்குத்தான் தொறப்பாங்க."

"யம்மாடி, பசிக்குதும்மா, நான் பெரிப்பா வந்துகீறேன்."

"பெரிப்பான்னாலும் அதான் ரூல்சு."

முகமெல்லாம் கரியோடு மனுஷன் தெருவில் நிற்கிறார். பானு தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பழைய முறுக்குக் கணக்கு அன்றைக்குத் தீர்ந்தது. கடைசியில் அவர் ஜன்னல் வழியாக, "மேடம், நான் நல்லொழுக்கக் கைதி மேடம்" என்று கெஞ்சிய பிறகுதான் தாழ்ப்பாள் விலகியது.

தினமும் கணக்கு நடக்கிறது. அது முடியாமல் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு கிடையாது. மோசஸ் ஒருநாள் முன்னாலேயே தட்டில் கை வைத்தான், வாங்கிக் கட்டிக்கொண்டான். எண்ணி முடித்து "ஒரு ஆள் கம்மி" என்பாள். மாமா எழுந்து நின்று, "ஒரு ஆள் வெளி வேலைக்குப் போய்க்கீது மேடம், வந்துரும்" என்பார். "சரி, சாப்புடுங்க" என்று உத்தரவு வரும்.

அக்கா மெர்சி


9.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவுக்குப் பிளாக் முழுக்க விசிறிகள். "நல்லொழுக்கக் கைதி எப்படி இருக்கிறார்?" என்று மேடமே கேட்கிறார்.

இங்கேயும் சாயங்காலம் வரிசையில் நிற்கிறேன். இங்கே என்னை எண்ணும் அதே நேரத்தில் அங்கே என் பெண்ணும் எண்ணிக்கொண்டிருப்பாள் என்று நினைப்பேன். இங்கே கணக்கு சரியாக இருக்கும். அங்கே நான் கம்மி. அந்தக் கம்மிதான் அக்கா எனக்கு உசிர். மாமாவுக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன் என்று சொல்.

ஏஞ்சலின்


கும்மிடிப்பூண்டி
8.11.2025

அன்புத் தங்கைக்கு, ஸ்தோத்திரம்.

மழை பிடித்துக்கொண்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். பள்ளிக்கூடத்தில் ஹெலனின் டீச்சர் லீவு. பெரிய டீச்சர் வந்து விசாரித்தாராம். உன் மகள் எழுந்து, "மேடம் பரோல்ல போய்க்கிறாங்க" என்றாளாம். என்னை வரச்சொல்லிச் சிரித்தார்கள்.

இப்போது கதவை அவளே திறக்கிறாள். திறப்பது என்ன, உதைக்கிறாள். "போ" என்று சொல்ல வேண்டியதில்லை, "நில்லுடி" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓட வேண்டியிருக்கிறது. மோசஸோடு ரிமோட்டுக்குச் சண்டை. முட்டைக் குழம்பு என்றால் இரண்டு முட்டை கேட்கிறாள். ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறாள்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா மெர்சி


20.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பரோல் கதைக்கு எல்லோரும் சிரித்தார்கள். நான் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கணக்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நீ மறக்கிற ஆள் இல்லை. சிறுவயதில் பொய் சொல்ல வேண்டி வந்தாலும் நீ வாயை மூடிக்கொள்வாயே தவிரச் சொல்ல மாட்டாய்.

சிரிக்கிற செய்தி மட்டும் என்று நான் வைத்த ரூல்ஸை இந்த ஒரு கடிதத்துக்கு எடுத்துவிடுகிறேன். என்ன நடந்தது, சொல்.

ஏஞ்சலின்


கும்மிடிப்பூண்டி
30.11.2025

என் ஏஞ்சு,

தீபாவளி லீவு முடிந்த மறுநாள். வழக்கம்போல எண்ணினாள். பெரிம்மா, பெரிப்பா, அண்ணன், நான். "கணக்கு சரியாகீது, சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டு எடுக்கப் போய்விட்டாள். மாமா பாதி எழுந்தவர் அப்படியே நின்றார்.

நான்தான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன். "இன்னாடி, ஒரு ஆள் கம்மி இல்லியா? உங்கம்மா?"

அவளுக்கு என்மேல் கோபமே வந்துவிட்டது. "அம்மாவ அங்க எண்ணுவாங்க பெரிம்மா. ஒரு ஆள ரெண்டு எடத்துல எண்ணக் கூடாது. கணக்கு தப்பாப்பூடும்" என்றாள். சொல்லிவிட்டு ரசத்துக்கு அப்பளம் கேட்டாள்.

மறுநாளிலிருந்து எண்ணுவதையும் விட்டுவிட்டாள். தூக்கத்தில் என்னை "அம்மா" என்கிறாள். நான் பதில் சொல்வதா, சும்மா இருப்பதா என்று தெரியவில்லை. ஏசப்பா சத்தியமாக இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லையடி.

கிறிஸ்துமஸ் வருகிறது. உன் பேச்சை மீறி ஒரே ஒருதரம் அழைத்து வரட்டுமா? உன் முகத்தைப் பார்த்தால் சரியாகிவிடும்.

மெர்சி


12.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நீட்டும்போது மேடம் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் யாருக்கும் வாசித்துக் காட்டவும் இல்லை. "இன்னாடி, இந்த வாட்டி சிரிப்பு இல்லியா?" என்று திலகவதி அம்மா கேட்டார். அப்பளத்தைச் சொன்னேன். சொல்லும்போதே சிரிப்பு வந்தது. அதோடு அழுகையும் வந்து, அன்றைக்கு அவர்தான் எனக்குச் சோறு பிசைந்து கொடுத்தார்.

ஹெலன் சொன்னதில் தப்பில்லை அக்கா. இங்கே பிறந்து வளர்ந்தவள், கணக்கு அவளுக்குத் தெரியாதா?

அவளை அழைத்து வர வேண்டாம். இப்போதுதான் கதவை உதைக்கப் பழகியிருக்கிறாள். திரும்ப இந்தக் கதவுக்கு முன்னால் வந்து நின்றால் மறுபடியும் "போ" என்று ஒருவர் சொல்வதற்குக் காத்திருப்பாள். அது எனக்கு வேண்டாம். தூக்கத்தில் அம்மா என்றால் நீ பதில் சொல். பிள்ளை கூப்பிட்டு யாரும் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது.

நான் வெளியே வரும்போது அவளுக்குப் பத்து வயதாகியிருக்கும். என்னைப் பார்த்து, "நீங்க இன்னா கேசு?" என்று கேட்டாலும் கேட்பாள். கேட்கட்டும், கோபித்துக்கொள்ள மாட்டேன். நீ கதவைத் திறந்தே வைத்திருப்பாய், அது எனக்குத் தெரியும். ஆனாலும் நான் வாசற்படியில்தான் நிற்பேன். எனக்கும் யாராவது சொன்னால்தான் அக்கா கால் நகரும். அன்றைக்கு அவளைச் சொல்லச் சொல்.

ஏஞ்சலின்