கைநாட்டுக்குக் கீழே என் கையெழுத்து

அக்கா,

கம்ப்யூட்டர் கடையில் அச்சடித்து வாங்கி வந்த தாள்கள் மேசையில் கிடக்கின்றன. மை வாசம் இன்னும் போகவில்லை. மேலே இருக்கும் பக்கத்தில் உங்கள் எழுத்து. ‘ழ’வின் வாலை அடுத்த வரி வரைக்கும் இழுத்து விடுவீர்களே, அப்படியே இருக்கிறது. ஏலக்காய்க் கறை பிடித்த விரல் பட்ட இடம்கூட ஓரத்தில் பழுப்பாக விழுந்திருக்கிறது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இங்கிலீஷில் ஒரு வரி. மகள் வாசித்துச் சொன்னாள்: “தோட்டத்து உபதேசியார் எழுதி வைத்த குறிப்பேடு.”

உபதேசியார்! மழைக்காலத்தில் ஒரு சாவு விழுந்தால் கல்லறை மேட்டுக்குப் பாதி வழியிலேயே குடையை ஊன்றி நின்று ஜெபத்தை முடித்துவிட்டுத் திரும்புகிறவர். அவருக்குக் குழி எங்கே வெட்டினார்கள் என்றே தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். நம் தோட்டத்தில் செத்தவர்களுக்குக் கல் வைப்பதில்லை. மரச்சிலுவை இரண்டு மழைக்கு மேல் நிற்பதில்லை. அடக்கம் முடிந்து லயத்து வீட்டுக்கு வந்ததும் நீங்கள் சேலையைக்கூட மாற்றாமல் நோட்டை எடுப்பீர்கள். பேர், சொந்த ஊர், வெட்டுப்பட்ட பலாவுக்கு வடக்கே பதினாலு அடி. “கோயில் பொஸ்தகத்துல செத்த தேதி இருக்கும்ட்டி. எங்க கெடக்கான்னு இருக்காது” என்பீர்கள்.

மகள் கல்லூரிக்கு ஏதோ தேடப் போய்த்தான் இது அகப்பட்டது. ஒரு பல்கலைக்கழகத்து லைப்ரரி, தன்னிடம் இருக்கும் ஆராய்ச்சிகளையும் பழைய பதிவுகளையும் எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறது. பணம் கட்ட வேண்டாம், யாரென்று சொல்ல வேண்டாம். எந்த ஊரிலிருந்தும் பார்க்கலாம். அதில் நம் தோட்டம் இருக்கிறது. நம் மேடு இருக்கிறது. பேட்டி கொடுத்தவர்கள் பட்டியலில் பதினோராவதாக, பேர் இல்லாமல், நீங்கள் இருக்கிறீர்கள். பெண், தோட்டத் தொழிலாளி, எழுதப் படிக்கத் தெரியாதவர்.

அன்று பேட்டி எடுக்க வந்த அந்த ஆராய்ச்சிக்காரப் பெண்ணைத் திட்டித் தீர்த்துவிடலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். முடியவில்லை. அன்று நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கொல்லங்கோட்டுப் பக்கம் அவளுக்கு ஊர். அட்டை கடித்த காலோடு நம் லயத்துப் படியில் உட்கார்ந்து கட்டங்காப்பி குடித்தாள். பிறகு பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். “ஏனுங்கக்கா, பேசறதுக்குச் சம்மதம்னு இதுல ஒரு கையெழுத்துங்க. பயப்பட ஒண்ணுமில்லீங்க.” காகிதம் முழுக்க இங்கிலீஷ்.

வாசிக்கத் தெரியாத பாஷையில் வரும் காகிதத்துக்கு நம் லயத்தில் யாரும் ஒப்பு போடுவதில்லை. அந்தப் பாடம் உங்கள் அப்பாவோடு வந்தது. மலையாளத்தில் எழுதிய தாளில் அழகாகக் கையெழுத்துப் போட்டார். தானாகவே வேலையை விட்டு நிற்பதாக அதில் எழுதியிருந்தது என்று வீட்டைக் காலி பண்ணச் சொன்னபோதுதான் தெரிந்தது. “ஒப்பு போட்டா படிச்சுட்டோம்னு அர்த்தம். கைநாட்டு வெச்சா, எனக்கு என்னய்யா தெரியும்னு நிக்கலாம்” என்று லயமே பேசிக்கொண்டது. நோட்டு நோட்டாக எழுதுகிற நீங்களும் ஆபீஸ் காகிதம் வந்தால் பெருவிரலைத்தான் நீட்டுவீர்கள். அன்றைக்கும் உங்கள் காதில், “அக்கா, ரேகையே வைங்க” என்று சொன்னவள் நான்தான்.

வைத்தீர்கள். அவள் முகம் சுருங்கியது. “அப்படின்னா எழுத்துத் தெரிஞ்சவங்க ஒருத்தர் கீழ சாட்சி போடோணுங்களே.”

நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். “இந்தா இருக்காளே, இங்கிலீசுலயே போடுவா. போடுட்டி, கையி துருதுருங்குதுல்லா?”

துருதுருவென்றுதான் இருந்தது. நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. மனப்பாடமாகத் தெரிந்த சங்கீதங்களை வேதப்புத்தகத்தில் விரல் வைத்துத் தேடித் தேடித் தமிழ் எழுத்தைப் பிடித்தவள். மருந்து டப்பாக்களைப் பார்த்து என் பேரின் இங்கிலீஷ் எழுத்துகளை மட்டும் பழகி வைத்திருந்தேன். வெளியூர்ப் படித்த பெண் ஒருத்தி என் முன்னால் பேனாவை நீட்டியது அதுதான் முதல் தடவை. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டால் எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது வெளிப்பட்டுவிடும். போட்டேன்.

அதற்குப் பிறகு பேச்சு மேட்டுக்குப் போனது. அவள் கேட்ட ஒவ்வொரு பேருக்கும் மரமும் அடியும் சொல்லி வந்தீர்கள். ஒரு பேரில் சந்தேகம் வந்ததும் மறந்துபோய் எழுந்து நோட்டையே கொண்டு வந்துவிட்டீர்கள். அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். “அக்கா, இதை ஆருங்க எழுதினது?”

உங்கள் விரலில் மை காயவில்லை. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் அடுப்பை ஊதினேன். எரிகிற அடுப்பைத்தான் ஊதினேன்.

“கோயில்ல இருந்து வந்ததும்மா” என்றீர்கள். லயம் ஒழுகுகிறது, பத்திரமாக இருக்கும் என்றால் நீயே கொண்டு போ என்று கொடுத்தும் விட்டீர்கள். அவள் போன பிறகு இருவரும் சிரித்தோம், அக்கா. தப்பித்தோம் என்று சிரித்தோம். அடுத்த ஏலக்காய் எடுப்புக்கு நீங்கள் உயிரோடு இல்லை.

போன மாதம் போடியிலிருந்து ஒருவர் இதே பக்கங்களைத் தானும் அச்சடித்துக்கொண்டு வந்தார். அப்பாவின் குழியைத் தேடி வந்தவர். நீங்கள் எழுதியபடியே அடி அளந்து பார்த்தோம், இருந்தது. மண்ணில் விழுந்து அழுதார். எழுந்ததும் பையிலிருந்து இன்னொரு மெழுகுவர்த்தியை எடுத்தார். “உபதேசியார் கல்லறை எதும்மா? அந்தப் புண்ணியவானுக்கும் ஒண்ணு ஏத்திட்டுப் போறேன்.” கோயில் வளாகத்தில் பளிங்கில் இருக்கிறதே, அதைக் கை காட்டினேன். இரண்டாவது தடவையும் நான் வாய் திறக்கவில்லை.

அன்றைக்குத்தான் மகளை லைப்ரரிக்குப் போன் பண்ணச் சொன்னேன். பேசிய அம்மாள் மலையாளம் கலந்த தமிழில் பொறுமையாகச் சொன்னார்: “ஆராய்ச்சியில ஞங்ஙள்க்கு கை வைக்கான் பற்றில்லா, மாத்த முடியாது. பட்சே, பக்கத்துல ஒரு குறிப்பு சேர்க்கலாம். அவங்க கையெழுத்துன்னு காட்ட ஏதெங்கிலும் பேப்பர் உண்டோ?”

உங்கள் மகன் வீட்டுத் தகரப்பெட்டியைக் கொட்டித் தேடினோம். ரேஷன் கார்டு, யூனியன் அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றிலும் பெருவிரல். உங்கள் கையால் உங்கள் பேர் எழுதிய ஒரு துண்டுகூட இல்லை. அடுத்தவன் பேரையெல்லாம் எழுதினீர்களே.

இருந்தது அந்தச் சம்மதக் காகிதம் ஒன்றுதான். ஆராய்ச்சியின் கடைசியில் அதையும் படம் பிடித்துச் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் ரேகை, அதன் கீழே என் கையெழுத்து. நடுவில் இருந்ததை மகள் வாசித்தாள்: “இவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் வாசித்து விளக்கினேன்.” நிமிர்ந்து, “இது உங்க ஒப்புதானேம்மா?” என்றாள்.

பொய்ச்சாட்சியைப் பற்றிய கட்டளையை ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

“பொய்யா ஒப்பு போட்டேன்னு நீயே எழுதிக் குடுத்தா நாளைக்குக் கேஸ் வரும், பாத்துக்க” என்றார் என் வீட்டுக்காரர். எழுதிக் கொடுத்தேன். தமிழில், முழுப் பேரோடு, அடுப்பை ஊதியதையும் விடாமல். போன வாரம் பதில் வந்தது. குறிப்பு சேர்த்துவிட்டார்கள்: குறிப்பேட்டை எழுதியவர் பதினோராவது நபர்தான் என்று சாட்சி ஒருவர் இப்போது கூறுகிறார், உறுதிப்படுத்த ஆதாரம் இல்லை. அவ்வளவுதான். உங்கள் பேர் இல்லை. ஒரு தடவை பொய் சொன்ன சாட்சியை அவர்கள் வேறு எப்படி எழுதுவார்கள்?

பட்டியலில் நீங்கள் இன்னும் எழுத்துத் தெரியாதவர்தான். இனி எந்த ஊரிலிருந்து யார் திறந்தாலும் அப்படித்தான் இருப்பீர்கள்.

அந்தச் சம்மதக் காகிதத்தின் அச்சுப்படி என் வேதப்புத்தகத்துக்குள் இருக்கிறது. கிழித்து அடுப்பில் போட இரண்டு தடவை எடுத்தேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று யாரோ ஒப்புக்கொண்ட காகிதம் உலகத்தில் அது ஒன்றுதான், அக்கா. உங்களுக்குத் தெரியாது என்று சொல்வதும் அதேதான். திரும்ப மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.