பொருளுக்கு வந்த காசு

மச்சாள்,

இன்று காலை கிளிநொச்சியில் வங்கிக்குள் போய் இருந்த சற்று நேரத்தில் பக்கத்துக் கதிரையில் இருந்த ஐயா தும்மத் தொடங்கினார். அவரைப் பார்த்து அடுத்தவர் தும்மினார். வாசலில் நின்ற காவலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கேயோ பார்த்தார். நான் ஒன்றும் அறியாதவள் போல விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் துணிப்பைக்குள், ஒருவருக்கு மாதிரி காட்டக் கொண்டுபோன தூள் இருந்தது. காலையில் வறுத்து அரைத்தது. பையின் வாயைச் சரியாகக் கட்டவில்லை போலும்.

நீங்கள் இருந்திருந்தால் அந்த ஐயாவுக்கே விலை சொல்லியிருப்பீர்கள். "தும்மினால்தான் ஐயா மிளகாய்த்தூள். தும்மாட்டில் அது செங்கல்லுத்தூள்" என்பதுதானே உங்கள் விளம்பரம்.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்ற கிழமையே நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். தம்பியின் மனைவி என்ற உரிமையில் என்னிடம் அனுமதி ஒன்றும் கேட்கவில்லை. "பென்சனை எடுத்துக்கொண்டு சும்மா இருக்கப் போறீரோ ரீச்சர்? எனக்கு இங்கிலீசில கடிதம் எழுத ஆள் வேணும். சம்பளம் இல்லை, தூள் தருவன்" என்றீர்கள். அடுத்த நாளே அக்கராயனில் உங்கள் கொட்டிலுக்குள் இருமிக்கொண்டு நின்றேன். நாலு பெண்கள் பெரிய தாச்சிகளில் மிளகாய் வறுத்தார்கள். மாரி தொடங்கினால் விறகு நனையும், வேலை நிற்கும், அவர்களின் வருமானமும் நிற்கும். ஒரு வறுக்கும் இயந்திரம் வாங்கிவிட வேண்டும் என்பதுதான் உங்கள் ஒரே எண்ணம். வெளிநாட்டில் இருந்து வியாபாரக் காசு ஒழுங்காக உங்கள் கணக்குக்கு வந்தால் கடன் தரலாம் என்று வங்கியில் சொல்லியிருந்தார்கள்.

சூரிச்சில் கடை வைத்திருந்த ஒரு மல்லாவித் தம்பி தூள் கேட்டு முதல் கட்டளை தந்தார். பணம் வந்து சேர என்னென்ன விபரம் அனுப்ப வேண்டும் என்று உங்களுக்கு விளங்கப்படுத்தினேன். கடிதத்துக்கு நாடு, ஊர், வீட்டு இலக்கம் எழுதுவது போல, பணத்துக்கு வங்கியின் குறியீடு, கிளை, கணக்கு இலக்கம் என்றேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"காசு விலாசம் பார்த்து வருமெண்டு இப்பதான் கேள்விப்படுறன். எங்கட ஆக்களின்ர காசு ஆரோ ஒருத்தரின்ர பயணப் பைக்குள்ளதானே வாறது!"

தூள் பெட்டியை அனுப்பினோம், காசு விலாசம் பார்த்துத்தான் வந்தது. நாம் கேட்டதிலும் கூடுதலாகவே வந்தது. நான் வாயெல்லாம் பல்லாக நின்றேன். வங்கிக் கருமபீடத்தில் இருந்த சஹானா, வவுனியாவில் இருந்து மாற்றலாகி வந்திருந்த பிள்ளை, திரையைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"அன்ரி, காசு வந்திட்டுது. ஆனா வியாபாரக் காசா வரல்ல. குடும்ப உதவி எண்டு போட்டு அனுப்பியிருக்கிறார். லோனுக்கு இதைக் காட்டேலாது."

"நான் அவரின்ர குடும்பமோ?" என்று பாய்ந்தீர்கள். "அவரை நான் கண்ணாலயும் கண்டதில்லை!"

வங்கி வாசலிலேயே நின்று தொலைபேசியில் அவரைப் பிடித்தீர்கள். எனக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தீர்கள். தெருவில் போனவர்களுக்கும் கேட்டது.

"தம்பி, காசு கூட வந்திட்டுது."

"தெரிஞ்சுதான் அக்கா அனுப்பினனான். ஊருக்கு ஏதும் செய்யவேணுமெண்டு கனநாளா நினைச்சனான்."

"ஊருக்குச் செய்யிறதெண்டால் கோயிலுக்குச் செய்யுங்கோ. நான் கோயில் இல்லை, கடை. சரி, தூள் எப்பிடி?"

"பெட்டி வந்து கிடக்கு அக்கா. இன்னும் திறக்கேல்லை."

அப்போது உங்கள் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. கூடுதலாக வந்த காசுக்கு நீங்கள் கோபப்பட்டீர்கள். திறக்காத பெட்டிக்கு உங்களுக்குக் கோபம்கூட வரவில்லை. "வாரும் ரீச்சர், கூடினதைத் திருப்பி அனுப்புவம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பவும் உள்ளே நடந்தீர்கள்.

சஹானா நல்ல வழிதான் சொன்னாள். "ஏன் அன்ரி வீண் செலவு? அடுத்த இன்வொயிசில கழிச்சு விடுங்களேன்."

"பெட்டியே திறக்காதவர் அடுத்த முறை வாங்குவாரெண்டு ஆர் பிள்ளை சொன்னது? உதவியெண்டால் மாதாமாதம் அனுப்புவார். எனக்கு வேண்டியது வாங்குற ஆள்."

"அப்ப இங்கயிருந்து அங்கயா அனுப்பப் போறீங்க?"

பக்கத்துக் கருமபீடத்தில் காசு எண்ணிக்கொண்டிருந்தவர் எண்ணிக்கையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். முகாமையாளர் அறையில் இருந்து எட்டிப் பார்த்தார். வெளிநாட்டுக் காசை வாங்கிப் பழகிய வங்கி அது. பள்ளிக்கூடத்தில் பிள்ளை வாத்தியாருக்குப் பரீட்சை வைத்தால் எப்படியிருக்கும், அப்படி எல்லோரும் முழித்தார்கள். கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார்கள். விலைப்பட்டியலின் பிரதி கேட்டார்கள், விளக்கக் கடிதம் கேட்டார்கள். நான் அங்கேயே இருந்து எழுதினேன். அனுப்பும் செலவு, அனுப்பும் காசில் பாதியை விழுங்கும் போலிருந்தது. வரிசையில் நின்ற ஒருவர் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"என்னம்மா, வெளிநாட்டுக்கு உதவி செய்யிறியளோ?"

"ஓம் தம்பி. பாவங்கள், குளிருக்க கஷ்டப்படுதுகள்."

வங்கி முழுதும் சிரித்தது. வீட்டுக்கு வரும் வழியில் நான் சிரிக்கவில்லை. பிறகு வந்த நாட்களிலும் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. சூரிச்சில் இருந்து ஒரு சத்தமும் இல்லை. வானம் கறுக்கத் தொடங்கியது. வறுக்கும் பெண்கள் ஒவ்வொரு நாளும் உங்கள் முகத்தைப் பார்த்தார்கள். "இருந்த ஒரு வாடிக்கையையும் துரத்தியாச்சு. இனித் தூளை நாங்களே கரைச்சுக் குடிப்பம்" என்று நான் சினந்தேன். நீங்கள் மிளகாயைக் கிண்டிக்கொண்டே சொன்னீர்கள்: "பிள்ளையள் தாறது வேற, வாங்குறவன் தாறது வேற. ரெண்டையும் ஒரு தாச்சியில போட்டு வறுக்காதையும்."

ஒரு மத்தியானம் உங்கள் தொலைபேசி அடித்தது. அவர்தான். திரும்பி வந்த காசைக் கண்டதும் முதலில் கோபம் வந்ததாம். பிறகு வெட்கம் வந்ததாம். பெட்டியைத் திறந்து கடையில் அடுக்கினாராம். எல்லாம் முடிந்துவிட்டதாம். இன்னும் வேண்டுமாம்.

"ஆனா அக்கா, உங்கட விலை சரியான கூட. வேற ஆக்கள் இதிலும் குறையத் தருகினம். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கோ."

நீங்கள் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, கண்ணை அகலத் திறந்து, பரீட்சையில் பாசான பிள்ளை போல என்னிடம் சொன்னீர்கள்: "மச்சாள், விலை பேசுறார்!"

பிறகு நடந்த பேரம் மல்லாவிச் சந்தையில்கூட நடந்திராது. கடைசியில் நீங்கள் கொஞ்சம் இறங்கினீர்கள், அவர் கொஞ்சம் ஏறினார். அந்தக் காசு வந்தபோது, நோக்கம் என்ற இடத்தில் 'பொருள் கொள்வனவு' என்று இருந்தது. சஹானா அதை இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள்.

ஆனால் தொகை சற்றுக் குறைந்திருந்தது. "பார்த்தீரே, விலை பேசத் தொடங்கினவர் வெட்டவும் தொடங்கிட்டார்" என்றீர்கள். அவர் வெட்டவில்லை என்று விளங்கப்படுத்தினேன். குளத்தில் திறந்துவிட்ட தண்ணீர் கடைசி வயலுக்கு வரும்போது குறைவதில்லையா? வழியில் வாய்க்கால் குடிக்கிறது. அதுபோல நடுவில் நிற்கும் வங்கிகளும் தங்கள் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும் என்றேன்.

"அப்ப கடைசி வயலுக்குக் குறைஞ்ச தண்ணிக்கு ஆர் பொறுப்பு?"

"அனுப்பேக்க முழுச் செலவையும் தான் ஏற்கிறதெண்டு அவர் குறிச்சிருக்க வேணும்."

"சரி, கேட்பம்."

எனக்கு வாய் கூசியது. இப்போதுதான் வந்து சேர்ந்த மனிதர், இந்தச் சின்னத் தொகைக்கா என்று நினைத்தேன். நீங்கள் கூசாமல் கேட்டீர்கள். அவரும் கூசாமல், அடுத்த முறை சேர்த்து அனுப்புவதாகச் சொன்னார். மாரிக்கு முன் இயந்திரம் வரவில்லை. அது வங்கியின் வேகம். ஆனால் வந்தது. இப்போது மழை கொட்டும் நாளிலும் கொட்டிலுக்குள் தூள் மணக்கிறது.

நீங்கள் போன செய்தி கேட்டு அவர் தொலைபேசியில் அழுதார். எட்டாம் நாள் சடங்குச் செலவுக்கென்று உங்கள் மகனின் கணக்குக்குக் கொஞ்சம் அனுப்பினார். உதவி என்றே போட்டிருந்தார். நாங்கள் மறுக்கவில்லை. அதே நாளில் பழைய கட்டளைக்கான காசு வியாபாரக் கணக்குக்குத் தனியாக வந்தது. இரண்டு தரம் கட்டணம் கட்டியிருக்கிறார் மச்சாள். இரண்டு தாச்சி.

கடிதங்களை இப்போதும் நான்தான் எழுதுகிறேன். போன மாதம் வந்த காசிலும் கொஞ்சம் குறைந்தது. உங்கள் மருமகள், "விடுங்கோ மாமி, சின்னக் காசுதானே" என்றாள். நானும் முந்தி அப்படித்தான் விட்டிருப்பேன். அன்றே உட்கார்ந்து, 'தம்பி, இவ்வளவு குறைகிறது, சேர்த்து அனுப்புங்கோ' என்று எழுதினேன். கை கூசவில்லை. உடனே பதில் வந்தது: 'ஓம் ரீச்சர், அனுப்புறன். ஆனா புது விலை சரியான கூட, கொஞ்சம் குறையுங்கோ.'

ஏலாது என்று எழுதி அனுப்பினேன். அன்று முழுதும் எனக்கு நல்ல சந்தோசம்.