இந்த வருஷம் நான் பாதியில் உட்கார்ந்துவிட்டேன்

என் சண்டைக்காரச் சம்பந்தியம்மாவுக்கு,

நேற்று உலக ஓட்ட நாள் வந்து போனது. நீங்கள் இல்லாத முதல் ஓட்டம். ஓடினது என்னவோ பாதித் தூரம்தான், உடம்பு அடித்துப் போட்டது மாதிரி கிடக்கிறது. எழுதக்கூட அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் இதை உங்களிடம் சொல்லாமல் முடியாது.

உலகம் பூராவும் ஒரே நாளில் ஓடச் சொல்கிறார்கள் என்று உங்கள் மகன், என் மாப்பிள்ளை, முதல் தடவை வந்து கூப்பிட்டது நினைவிருக்கிறதா? "மல்லிப்பூ பறிக்க விடியக்காலம் ஓடுறது பத்தாதா மாப்ள?" என்று சிரித்தேன். நீங்கள் ஒட்டன்சத்திரத்திலிருந்து புது கேன்வாஸ் ஷூவோடு திண்டுக்கல்லில் வந்து இறங்கிவிட்டீர்கள் என்று தெரிந்ததும் நானும் கிளம்பிவிட்டேன். பிள்ளை வீட்டுக்காரி ஓடும்போது பெண் வீட்டுக்காரி வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா?

சேலையைத் தூக்கிச் செருகி, அவர்கள் கொடுத்த பனியனை மேலே மாட்டிக்கொண்டு மலைக்கோட்டையைச் சுற்றி ஓடினோம். "ஏனுங் சம்பந்தி, அதுக்குள்ள நின்னுட்டீங்க?" என்பீர்கள். "செருப்பு வாரு அந்துபோச்சு" என்பேன். அத்தனையும் பொய். மூச்சு முட்டியிருக்கும், அதைச் சொல்ல வாய் வராது.

காரணம் உங்களுக்கே தெரியும். நிச்சயதார்த்தத்தன்று சபையில் வைத்து, "கால் ஏனுங்க இப்படி வீங்கியிருக்குது, சுகருங்களா?" என்று கேட்டீர்கள். சீக்காளி வீட்டிலா பெண் எடுக்கிறோம் என்று உங்கள் சனத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். ஆறு மாதம் நான் உங்களோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. அக்கறையில்தான் கேட்டீர்கள் என்று எனக்கு அன்றைக்கே தெரியும், தெரிந்துதான் முறுக்கிக்கொண்டேன். அன்றிலிருந்து ஒருத்தி உடம்பைப் பற்றி மற்றவள் கேட்டதே இல்லை.

போன வருஷம் கோட்டை அடிவாரத்துத் திருப்பத்தில் நின்றீர்கள். கையை நெஞ்சில் வைத்து அழுத்தினீர்கள். நான் பார்க்கிறேன் என்றதும் மாராப்பைச் சரிசெய்வது போல இழுத்துவிட்டுக்கொண்டீர்கள். முகமெல்லாம் வேர்வை. கேட்டால் உங்களுக்குக் கௌரவக் குறைச்சலாகிவிடும் என்று நான் கோட்டையை வேடிக்கை பார்ப்பவள் போலத் திரும்பிக்கொண்டேன். பொய் சொல்லக் கூடாது, இந்தத் தடவையாவது முந்திவிடலாம் என்ற அற்ப ஆசையும் இருந்தது. முந்தினேன். நாலாம் நாள், நீங்கள் போய்விட்டீர்கள் என்று போன் வந்தது.

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா சம்பந்தியம்மா? இல்லை, சேலை நழுவுது என்று என் வாயை அடைத்திருப்பீர்களா?

இந்த வருஷம் போகவே கூடாது என்றுதான் இருந்தேன். என் மகள் உங்கள் ஷூவைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்தாள். "சும்மாதான கெடக்கு, போட்டுக்கம்மா" என்றாள். எனக்கு அது ஒரு சுற்றுப் பெரிசு. பஞ்சைத் திணித்துப் போட்டுக்கொண்டேன்.

அதே திருப்பம் வந்ததும் எனக்குக் கால் நகரவில்லை. "தண்ணி வேணுங்களா அத்தை?" என்று மாப்பிள்ளை பக்கத்தில் வந்தார். ஷூ கடிக்கிறது என்ற பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"முடியல மாப்ள. மூச்சு முட்டுது. செத்த நேரம் உக்காரணும்."

உங்கள் வீட்டு ஆளிடம் நான் முடியவில்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அது வந்ததும் கூடவே மற்றதும் வந்துவிட்டது. "போன வருசம் உங்கம்மா இங்கனதான் நெஞ்சப் புடிச்சாக. நான் பாத்தேன் மாப்ள. பாத்துட்டும் கேக்கல, பாவி."

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நானும் பாத்தேனுங்க அத்தை. பின்னாலதான் வந்தேன். நீங்க இருக்கறப்பக் கேட்டா அம்மாவுக்குச் சங்கடமாப் போயிரும், வீட்ல போய்க் கேட்டுக்கலாம்னு விட்டேன். வீட்டுக்குப் போனதும் மறந்துட்டேனுங்க."

ஐயோ, ஒரு வருஷமாக இதை வைத்துக்கொண்டா அந்தப் பிள்ளை என் வீட்டில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது? நானும் ஒன்றும் தெரியாதவள் போலச் சோற்றுக்கு வெஞ்சனம் வைத்துக்கொண்டிருந்தேனே! இரண்டு பேரும் ரோட்டோரம் உட்கார்ந்து அழுதோம். சுளுக்கு என்று நினைத்து ஒரு பெண் வலி ஸ்பிரேயை நீட்டிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அவரும் நெஞ்சைக் காட்டினால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். உங்கள் ரத்தம் அல்லவா?

அடுத்த வருஷமும் உங்கள் ஷூவோடு வருவேன், நடந்தாவது. அந்தத் திருப்பத்தில் யார் நின்றாலும், அறிந்தவளோ அறியாதவளோ, பக்கத்தில் போய் "என்ன தாயி செய்யுது?" என்று கேட்பேன். கோபித்துக்கொண்டு ஆறு மாதம் பேசாவிட்டால் பேசாமல் போகட்டும். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அப்புறம், நிச்சயதார்த்தத்தன்று நீங்கள் கேட்டதற்கு நான் இன்னும் பதிலே சொல்லவில்லை. ஆமாம் சம்பந்தியம்மா, சுகர்தான்.

உங்கள் வீட்டுக்குப் பெண் கொடுத்த,
உங்கள் சம்பந்தி