என் பெயரில் தங்கச்சி

பிப்ரவரி 3, செவ்வாய்

உடைந்த கைக்குப் போட்ட கட்டைப் பிரித்துவிட்டார்கள். ஆறு வாரத்துக்குப் பிறகு வீட்டு மேசையில் உட்கார்ந்து, அலுவலகக் கணினியில் கடவுச்சொல்லை நானே தட்டினேன். "வழக்கத்துக்கு மாறான பயனர்" என்று சிவப்பில் வந்தது. போனுக்கு ஓர் எண் அனுப்பி, அதைக் கேட்டு, இன்னொரு கேள்வியும் கேட்டுத்தான் உள்ளே விட்டது. பன்னிரண்டு வருஷமா இந்தக் கம்பெனியில இருக்கேன். நேத்து வந்த மென்பொருள் என்னை யாருன்னு கேக்குது.

பிப்ரவரி 4, புதன்

புரிந்துவிட்டது. என் கையில் கட்டு இருந்தபோதுதான் இந்தப் புதுப் பாதுகாப்பு மென்பொருளைப் போட்டார்கள். முதல் மூன்று வாரம் அது சும்மா பார்த்துக்கொண்டிருக்குமாம் — யார் எவ்வளவு வேகமாகத் தட்டுகிறார், எங்கே நிறுத்துகிறார், மவுஸை எப்படி நகர்த்துகிறார் என்று. பிறகு அதிலிருந்து மாறினால் சந்தேக மதிப்பெண் ஏறும். ஏறினால் கதவு மூடும். அந்த மூன்று வாரமும் நான் சொல்லச் சொல்லத் தட்டியது தங்கச்சி. அதன் கணக்கில் நான் என்றால் அவள். நான் திருடி.

"அப்போ உன் நாற்காலியும் எனக்குத்தான்கா" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடவுச்சொல்லை யாருக்கும் தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போன வருஷம் கிடங்கு மேற்பார்வையாளரை இதற்காகத்தான் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பிப்ரவரி 5, வியாழன்

இன்று மூன்று முறை முயன்றேன்; மதிப்பெண் ஏறிப்போய், எண்கூட அனுப்பாமல் மூன்று முறையும் தடுத்தது. நான் அனுமதி கொடுக்காமல் கிடங்கிலிருந்து ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு மருந்துப் பெட்டிகூட நகராது. கடைசியில் அவளை உட்கார வைத்தேன். உடனே திறந்தது.

பிப்ரவரி 6, வெள்ளி

அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. இரண்டு வருஷம் அலைந்ததற்கு. திங்கள் காலை பத்து மணிக்குச் சேரவேண்டும். என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் மனசில் முதலில் வந்தது — திங்கட்கிழமை யார் தட்டுவது?

சீ. என்ன ஜென்மம் நான்.

பிப்ரவரி 7, சனி

வேலையில் சேருவதை ஒரே ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டேன், அதற்குள் ஏதாவது வழி பார்க்கலாம் என்று. "முடியாதுக்கா. பேசாம பூட்டு சார்கிட்ட உண்மையைச் சொல்லிடு." பூட்டு சார் என்பது எங்கள் கம்பெனியின் கணினிப் பாதுகாப்பு அதிகாரிக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர். சொல்றது சுலபம். போறது என் வேலைதானே.

பிப்ரவரி 8, ஞாயிறு

அவள் புதுச் செருப்பு வாங்கப் போனாள். அவள் போன் சார்ஜில் இருந்தது. எடுத்தேன். அவள் சேரவேண்டிய அலுவலகத்துக்கு மெயில் எழுதினேன்: "காய்ச்சல். சேர ஒரு வாரம் அவகாசம் வேண்டும்." கீழே அவள் பெயர். அனுப்பிவிட்டு, அனுப்பியதை அழித்தேன். யார் நீ என்று அந்தப் போன் கேட்கவே இல்லை.

சரி என்று பதில் வந்ததும் சொல்லிவிடலாம். கோபப்படுவாள். ஆறிவிடுவாள்.

பிப்ரவரி 9, திங்கள்

பதில் வரவில்லை. அவள் கிளம்பும்போது சொல்ல வாய் திறந்தேன். "நல்லா சாப்பிட்டுப் போ" என்றுதான் வந்தது.

பன்னிரண்டு மணிக்கே திரும்பிவிட்டாள். பட்டியலில் அடுத்தவரை ஞாயிறு சாயந்திரமே கூப்பிட்டுவிட்டார்களாம். அந்தப் பெண் ஒன்பதரைக்கே வந்து சேர்ந்துவிட்டாளாம்.

"நான் எழுதலைன்னு சொன்னேன். உங்க மெயில்ல இருந்துதானே வந்திருக்குன்னு காட்டுனாங்க." என்னையே பார்த்தாள். "நீயாக்கா?"

ஆமாம் என்றேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

பூட்டு சாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

"இதுக்காம்மா இவ்வளவு? கை உடைஞ்ச எல்லாருக்கும் இது நடக்கும். ஒரு பட்டன்தான், பழசை அழிச்சிட்டா புதுசா கத்துக்கும். கடவுச்சொல் குடுத்தது தப்பு, ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும். அவ்வளவுதான்."

மேற்பார்வையாளரைப் பற்றிக் கேட்டேன். "அவர் சரக்கைத் திருடினார்மா. நீங்க முதல் நாளே கேட்டிருக்கலாமே."

ஒரு பட்டன்.

பிப்ரவரி 11, புதன்

அவள் சேரவேண்டிய அலுவலகத்தைக் கூப்பிட்டு, எழுதியது நான்தான் என்றேன். "சரிங்க. ஆனா இனி இடம் இல்லைங்க" என்றார்கள்.

மார்ச் 12, வியாழன்

கணினி இப்போது என்னை ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

மதியம் குழாய் ரிப்பேர்க்காரரைக் கூப்பிட வேண்டியிருந்தது. என் போனில் சார்ஜ் இல்லை, அவளுடையதை எடுத்தேன். எண் கேட்டது. எங்கள் வீட்டில் யாரும் போனுக்குப் பூட்டுப் போட்டதில்லை.

"குடுக்கா, திறந்து தரேன்."

திரும்பி நின்றுகொண்டு தட்டினாள். நான் பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, முடித்ததும் வாங்கிக்கொண்டாள்.