இரண்டு கையெழுத்து

மார்ச் 10

சிரஞ்சீவி ஹரீஷ்குமாருக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். ஜெர்மனியில் குளிர் குறைந்ததா? நீ என் போனை எடுப்பதில்லை. அதனால் இதை எழுதி, உன் தங்கை அருணாவிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

உன் பெண்டாட்டி கதையைக் கேள். ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கென்று ஆனதும், "ஆடிட்டர் படித்த மருமகள்" என்று போஸ்டர் ஒட்டிப் பிரியதர்ஷினியை ஜெயிக்க வைத்தவன் நான். செக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பேனாவும் ஒரே வீட்டில் இருக்கட்டும் என்று நானே துணைத் தலைவரானேன்.

அவள் வந்த மாதமே வரிப் புத்தகத்தைப் பிரித்துவிட்டாள். கம்பெனிக்கு வாடகைக்கு விட்ட நம் மூன்று ஷெட்டும் அதில் மாட்டுக் கொட்டகை என்று இருக்கின்றன. டேப் பிடித்து அளந்தாள். முதல் வரி பாக்கி நோட்டீஸ் எனக்கு, அதுவும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பதிவுத் தபாலில்! டீக்கடைக்கார ராமப்பன் ஊருக்கே சொல்லிச் சிரித்தான்.

அன்றிலிருந்து ஒரு செக்கிலும் நான் கையெழுத்துப் போடவில்லை. நாலு மாதம் ஆகிறது. தண்ணீர் மோட்டார் எரிந்து போனது. ரிப்பேர் செக் என் மேசையில் கிடக்கிறது, ஊர் லாரித் தண்ணீர் குடிக்கிறது. டேங்க் ஆபரேட்டர் சின்னராஜ் சம்பளம் கேட்டு அழுதான். படித்த தலைவரம்மாவைப் போய்க் கேள் என்றேன். போன வாரம் பெண்கள் காலிக் குடங்களோடு வாசலுக்கு வந்து அவளை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். வெயிலில் நிற்கிறார்களே என்று நான்தான் மோர் கொடுத்தேன்.

"மாமா, கோவம் இருந்தா எம்மேல காட்டுங்க. தண்ணியில காட்டாதீங்க" என்றாள். நோட்டீஸைக் கிழி, ராஜினாமா எழுது, அடுத்த நிமிஷம் கையெழுத்து என்றேன். ஆபீசுக்குக் கிளம்பிவிட்டாள். எத்தனை நாளைக்கு என்று பார்க்கிறேன்.

நம் வீட்டில் போர்வெல் இருக்கிறது, நமக்கென்ன குறை? உன் மகள் பாப்பாவைத்தான் ஊருக்கு முன்மாதிரி என்று சொல்லி இங்கேயே ஊராட்சிப் பள்ளியில் சேர்த்திருக்கிறாள். நீ ஒரு வார்த்தை சொல்லி அவளை அடக்கு. சென்றாய சுவாமி உனக்கு நல்ல புத்தி தரட்டும்.

அன்புள்ள அப்பா,
கோவிந்தப்பன்


மார்ச் 29, பெங்களூர் ஆஸ்பத்திரி

ஹரீஷ்,

பாப்பாவுக்கு மஞ்சள் காமாலை. பள்ளியில் அந்த லாரித் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறாள். எனக்கு அது தோன்றவே இல்லையடா. ஈரல் கெட்டுவிட்டது என்கிறார் டாக்டர். பிரியா தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கிறாள். சம்மதத் தாளை என்னிடம் நீட்டினாள்.

"மாமா, இதுக்கும் ரெண்டு கையெழுத்து வேணுமாம். போடுவீங்களா?"

போட்டேன். ஊர்ச் செக்குகளையும் கொண்டு வா, இப்போதே போடுகிறேன் என்றேன். ஊருக்குத் தண்ணீர் வந்தால் போதும் என்று காலையிலேயே ராஜினாமா கொடுத்துவிட்டாளாம். நோட்டீஸை மட்டும் கிழிக்கவில்லையாம். இனி செக்கில் போட என் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது. அது தனியாகச் செல்லாது.

கிடைத்த விமானத்தில் ஏறி வா. பாப்பா கண் விழித்தால், பழக்கத்தில் என்னைத்தான் "தாத்தா, தண்ணி" என்று கேட்பாள். எந்தக் கையால் கொடுப்பேன்? நீ வந்து கொடுடா.

அப்பா