முள் மீட்டரைத்தான் வாங்கினேன், அண்ணே

என் ஆசை அண்ணனுக்கு,

வாங்கிட்டேன்! கடலுக்கும் போய், இறங்கியும் வந்துட்டேன்! ஹட்டன்ல விடாத மழை, நம்ம ஹார்ட்வெயார் கடையில ஈ காக்கா இல்லை. ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

இதே கல்லாவில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து ஒன்றரை வருஷமாகிறது. அதற்குப் பிறகு போன சீசனில் திருகோணமலைக்கு முதல் தடவையாக நீயில்லாமல் தனியாகப் போய், கைடை நம்பிக் கடலுக்குள்ளே டைவிங் இறங்கினேன். பதினைந்து மீட்டர் ஆழத்தில் மணிக்கட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்தால், சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டுகிற இடத்தில் வெறும் கோடு! சிலிண்டர் பக்கம் மாட்டியிருந்து அந்தக் கணக்கை அனுப்புகிற ட்ரான்ஸ்மிட்டர் பேச்சை நிறுத்திவிட்டது. கைடுக்குச் சைகை காட்டி மேலே வந்துவிட்டேன். பாழாய்ப்போன வாய், அதை அம்மாவிடம் உளறிவிட்டது.

"ஒரு புள்ளைய குடுத்தாச்சு. இன்னொன்னையும் குடுக்கச் சொல்றியா?"

காற்றளவு காட்ட இன்னொரு மீட்டரும் சேர்த்து மாட்டிக்கிறேன் என்று மாசக்கணக்கில் கெஞ்சினேன். "சரி, அதுவும் நின்னு போச்சுன்னா?" என்று கேட்டாங்க பாரு! நின்னே போகாத ஒன்றாகத் தேட ஆரம்பித்தேன்.

நான் ஆசைப்பட்டது இன்னொரு ட்ரான்ஸ்மிட்டருக்கு. பார்க்க அம்சமாக இருக்கும், குழாய் தொங்காது. ஆனால் அதுவும் இதே கம்ப்யூட்டரிடம்தானே பேசும்? கம்ப்யூட்டர் செத்தால் ரெண்டும் ஊமை. ஆகவே பேட்டரியே கேட்காத பித்தளை முள் மீட்டர். சிலிண்டரிலிருந்து தனிக் குழாயில் நேராக வரும்; அதைக் கேட்டுத்தான் அம்மா சம்மதிச்சாங்க. எண்கள் பெரிசு, இருட்டில் ஒளிரும். மலிவாக ஒன்று கிடைத்தது, ஆனால் அதில் காற்றழுத்தத்துக்கு 'பிஎஸ்ஐ' கணக்கு. படகில் எல்லாரும் 'பார்' கணக்கில் பேசும்போது தண்ணிக்குள்ளே நான் வகுத்தல் கணக்குப் போடவா? வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

கிளம்புகிற அன்றைக்கு அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, கடைக்கு வருகிற புதுத் தராசுக்கு வைப்பது போல, சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாங்க. படகில்தான் கவனித்தேன். பொட்டு கண்ணாடி மேலே, அதுவும் ஐம்பதுக்குக் கீழே இருக்கிற சிவப்புக் கட்டத்தில்! காற்று தீரப்போகுது, மேலே வா என்று எச்சரிக்கிற இடம் அது. "மேகடத் பூஜா களாத, நங்கி?" இதுக்கும் பூஜை போட்டாச்சா தங்கச்சி என்று படகுக்காரர் சிங்களத்தில் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவுக்குப் போன் போட்டேன். "அந்த எடந்தான் செவப்பா, மங்களமா இருந்துச்சு பாப்பா," என்றாங்க. துடைத்து என் நெற்றியில் வைத்துக்கொண்டேன். சிலிண்டர் நிறையக் காற்று: கம்ப்யூட்டரில் இருநூறு பார், முள்ளிலும் இருநூறு. குதித்தேன்!

என்னா கடல் அண்ணே அது! நீலம்னா அப்படி ஒரு நீலம். ஒரு ஆமை, நம்ம கடை மேசை அளவு, என் முகத்துக்கு நேரே வந்து திரும்பியது. பின்னாலேயே போனேன். நீ இருந்தவரைக்கும் நான் மீட்டரை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. நீயே நீந்தி வந்து என் கையைத் திருப்பிப் பார்ப்பாய். அன்றைக்கு யாரும் வரவில்லை. தண்ணிக்குள்ளே அழ முடியுமா? முடிகிறது அண்ணே, முகமூடிக்குள்ளே. பார்வை மங்கலாகத்தான் இருந்தது, ஆனாலும் முள்ளைப் பார்த்தேன். நூறு, பாதிதான் மிச்சம். ஆமையை விட்டுவிட்டுத் திரும்பினேன்.

கரைக்கு வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன். ஆமையைப் பற்றி ஆரம்பிக்கக்கூட விடவில்லை.

"காத்து எவ்வளவு மிச்சம்?"

"எழுபதும்மா."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, போய் சாப்பிடு," என்றாங்க.

இனி எத்தனை தடவை இறங்கினாலும் எழுபதோடு மேலே வந்துவிடுவேன் அண்ணே. ஈரம் துடைப்பதற்கு முன்னால் அந்த எண்ணை அம்மாவிடம் சொல்லிவிடுவேன். இது உன் மேல் சத்தியம்.

அம்மாவுக்கு மிச்சமிருக்கிற ஒரே பிள்ளை,
உன் தங்கச்சி