படிக்க மட்டும் தெரிந்தது போதும்

பெல்மூர் தோட்டம்,
பத்தாங் பெர்ஜுந்தாய்.
6.8.1989

அன்புள்ள அத்தானுக்கு,

விமலா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். மீரியில் ஓயாத மழையென்று எழுதியிருந்தீர்கள். இங்கே ஒரு சொட்டு இல்லை. செம்பனை மட்டையெல்லாம் தூசி பிடித்துக் கிடக்கிறது. நீங்கள் கேட்ட பருப்புப் பொடியை இடித்து வைத்துவிட்டேன். அதைத் தபாலில் அனுப்புவதா, நானே கையில் கொண்டு வருவதா என்பதுதான் இப்போது கேள்வி.

நேற்று மறுபடியும் மானேஜர் முன்னால் போய் நின்றேன். கல்யாணமான பெண் எத்தனை மாதம் புருஷனைக் கடிதத்திலேயே பார்ப்பது என்று கேட்டேவிட்டேன். அவர் கோபித்திருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். மனிதர் மிக மரியாதையாக, இந்தக் கம்ப்யூட்டரில் வருவதைப் படிக்க உங்களை விட்டால் ஆள் இல்லை, வேறொருவர் படிக்கப் பழகிய மறுநாளே விடுவிப்புக் கடிதம் தருகிறேன் என்றார். அந்தக் கடிதம் இல்லாமல் வந்தால் உங்கள் கம்பெனியில் எனக்காகப் பேசி வைத்திருக்கும் வேலை கிடைக்காது. நான் எப்படி ஓடிவருவது, சொல்லுங்கள்.

எங்கள் கம்ப்யூட்டரின் லட்சணம் உங்களுக்குத் தெரியும். தலைமை அலுவலகம் புதிது வாங்கிக்கொண்டு, கழித்துக்கட்டியதைத் தோட்டத்துக்குத் தள்ளிவிட்டது. அதோடு சுற்றறிக்கைகளைக் காகிதத்தில் அனுப்புவதையும் நிறுத்திவிட்டார்கள். வாராவாரம் லோரிக்காரர் கையில் ஒரு டிஸ்கெட் வருகிறது. அதைத் திறக்கிற அவர்களுடைய பெரிய புரோகிராமை இந்தக் கிழட்டு இயந்திரம் தாங்காது. ஒரு டிஸ்கெட்டைப் போடு, எடு, அடுத்ததைப் போடு, மறுபடி முதலாவதைப் போடு என்று உயிரை வாங்கிவிட்டு, கடைசியில் நினைவகம் போதவில்லை என்று பச்சை எழுத்தில் கைவிரிக்கும். அதைத் தாஜா பண்ணித் திறக்கிற வழி எனக்கு மட்டும் பிடிபட்டிருக்கிறது. எனக்கு வந்த வினை அதுதான்.

போன மாதம் நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது வந்த டிஸ்கெட்டை ஒருவராலும் திறக்க முடியவில்லை. அதன் உள்ளேதான் கம்பெனி கொடுத்த ஒரு நாள் விடுமுறை இருந்திருக்கிறது. மற்றத் தோட்டத்து ஆட்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு படம் பார்க்கப் போக, நம் ஆட்கள் மட்டும் செம்பனைக் குலை வெட்டினார்கள். லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் இன்னும் என்னைக் கண்டால், "லீவ பொட்டிக்குள்ள பூட்டி வெச்ச அம்மா வர்றாங்க" என்று சிரிக்கிறார்கள்.

ஆகவே அத்தான், கம்ப்யூட்டர் பிரிவில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற நீங்கள் எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். எழுத, கூட்ட, கழிக்க எதுவும் வேண்டாம். படிக்க மட்டும் தெரிந்த ஒரு சின்னப் புரோகிராம் போதும். இந்த இயந்திரம் மூச்சு வாங்காமல் சுமக்க வேண்டும். ஆபத்தில்லாததாகவும் இருக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் யாரோ கோலாலம்பூரில் இருந்து இரவல் டிஸ்கெட் கொண்டுவந்து போட்டார்களாம். திரையில் இருந்த எழுத்தெல்லாம் பொலபொலவென்று கீழே உதிர்ந்து குவிந்ததாம். வைரஸ் என்கிறார்கள். அந்த அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி மறுநாள் மருந்தகத்துக்குப் போய்த் தனக்கும் ஊசி போடச் சொன்னதாகக் கேள்வி.

அப்பாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அவர் பெரிய கிராணி வேலையில் இருந்து ஓய்வுபெற்ற பிறகும் இந்தக் குவாட்டர்ஸில் இருப்பது என் வேலையால்தான். நான் போனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தினமும் இரண்டு தரம் தேநீர் போட்டுக் கொடுக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மழையில் நனைந்த சப்பாத்தோடு வீட்டுக்குள் நடக்க வேண்டாம்.

உங்கள்,
விமலா

பெல்மூர் தோட்டம்,
17.9.1989

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் அட்டைக்குள் வைத்துத் தைத்து அனுப்பிய மூன்று டிஸ்கெட்டும் மடியாமல் வந்து சேர்ந்தன. தபால்காரர் அதைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டியிருந்ததைப் பார்த்தபோதுதான் என் உயிர் போய் வந்தது.

முதலாவது மானேஜருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. திரை நிறையக் கட்டமும் கோடும் வந்தால் அவருக்கு அது மரியாதையாகத் தெரிகிறது. ஆனால் ஒரு பக்கம் திரும்புவதற்குள் நான் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வரலாம். அதை வைத்துக்கொண்டால் கடைசி வரைக்கும் நானேதான் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டாவதை உள்ளே விடவே இல்லை. கோபிக்க வேண்டாம். உங்கள் நண்பர் யாரிடம் வாங்கினார் என்று அவருக்கே தெரியாத சரக்கை நான் எப்படி நம்புவது?

மூன்றாவதுதான் நான் கேட்டது. தொடங்குவதும் படிப்பதும் ஒரே டிஸ்கெட்டில் அடங்கிவிடுகிறது. தலைமை அலுவலக டிஸ்கெட்டைப் பக்கத்து வாயில் போட்டு, பெயரைத் தட்டினால் எழுத்து வந்து நிற்கிறது. அதற்கு ஒரு வரி எழுதத் தெரியாது, அழிக்கவும் தெரியாது. மானேஜர் முகத்தைச் சுளித்தார். இது வெறுமனே படிக்கிறது, வேறொன்றும் செய்யாதா என்று கேட்டார். நாமும் அதை வெறுமனே படிக்கத்தானே போகிறோம் என்றேன். பழகப் போவது சோமு அண்ணன் என்றதும் சம்மதித்தார்.

சோமு அண்ணன் எடைக் கொட்டகையில் கணக்குப் பார்ப்பவர். நாலு பிள்ளைகளின் தகப்பன். இதுவரை கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்போடு வராதவர். இது எதையும் கெடுக்காது என்று நான் சொன்னதும், "அப்ப பயமில்லலா விமலாம்மா, நா தைரியமா தட்டுவேன்" என்று உட்கார்ந்துவிட்டார். டிஸ்கெட்டின் ஓரத்தில் இருக்கும் வெட்டை மறைத்து நீங்கள் சொன்னபடி கறுப்புத் துண்டு ஒட்டினேன். அது இருக்கும்வரை எந்த வைரஸும் அதில் ஏற முடியாதென்று விளக்கினேன். "புரிஞ்சிருச்சு, காப்பு கட்டிட்டீங்க" என்றார். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை தோட்டத்தை விட்டு ஒருவரும் வெளியே தங்கப் போகக் கூடாதல்லவா, அதைச் சொல்கிறார். எல்லோரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. இங்கே எனக்குத்தான் யாரோ எப்போதோ கட்டிவிட்டார்கள்.

ஆனால் அத்தான், அவர் படித்துவிட்டார்! போன வாரத்து உரச் சுற்றறிக்கையைத் தானே திறந்து, எழுத்துக் கூட்டி மானேஜருக்கு வாசித்துக் காட்டினார். அக்டோபர் கடைசியில் என்னை அனுப்பிவிடுவதாக மானேஜர் சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குப் பாட்டு வந்தது.

அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். "நல்லது பிள்ளை" என்றார். அவர் சபாக்கில் இரத்தினம்மா அத்தை வீட்டில் இருந்துகொள்ளலாம் என்று நீங்கள் எழுதியிருந்ததையும் சொன்னேன். அதற்கும் நல்லது என்றார். பிறகு எழுந்து போய் ஜன்னல் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த வாரம் முழுவதும் எதையாவது துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

இன்னொரு புதினமான செய்தி. இத்தனை நாளும் கம்ப்யூட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காத அப்பா, இப்போது சாப்பிடும்போது அதைப் பற்றிக் கேட்கிறார். நான் ஒரு டிஸ்கெட்டைக் கொண்டுவந்து காட்டினேன். உறையின் நடுவில் திறந்திருக்கும் நீள்வட்டத்தைக் காட்டி, இதில் விரல் பட்டாலே கெட்டுவிடும் அப்பா என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். மாற்றுப் பிரதி இருக்கோ என்றும் கேட்டார். ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது என்றேன். பழைய பெரிய கிராணியின் கவனத்தைப் பார்த்தீர்களா?

பருப்புப் பொடியோடு எலுமிச்சங்காய் ஊறுகாயும் போட்டிருக்கிறேன். வந்து தருகிறேன்.

உங்கள்,
விமலா

பெல்மூர் தோட்டம்,
14.10.1989

அன்புள்ள அத்தானுக்கு,

இதை அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். வீட்டில் வைத்து எழுத முடியவில்லை. நான் இந்த மாதம் வரவில்லை. எப்போது வருவேன் என்றும் தெரியாது. முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி நடந்ததைக் கேளுங்கள்.

சரஸ்வதி பூசைக்கு வழக்கம்போல அப்பாவைத்தான் அழைத்தோம். தோட்டத்தில் பெரிய கிராணி என்றால் இன்னும் அவர்தான். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்து டைப்ரைட்டர், தராசு, இரும்பு அலமாரி, கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். என் மேசை இழுப்பறைக்கு உள்ளேயும் ஒரு பொட்டு வைக்க வேண்டுமென்று சாவியைக் கேட்டார். கொடுத்துவிட்டு நான் கடலை பங்கிடப் போய்விட்டேன்.

விடுமுறை முடிந்து வந்த காலையில் சோமு அண்ணன் டிஸ்கெட்டைப் போட்டார். தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சத்தம். இயந்திரம் தொடங்கவில்லை. பதறிப்போய் இழுப்பறையில் இருந்த பிரதியைப் போட்டார். அதற்கும் அதே சத்தம். நான் இரண்டையும் வாங்கிப் பார்த்தேன். நீள்வட்டத்தில் சந்தனம் காய்ந்து போய், நடுவில் குங்குமம். இரண்டு டிஸ்கெட்டிலும். திருப்பிப் பார்த்தேன், பின்பக்கமும்.

கிள்ளானில் இருந்து வந்த மெக்கானிக், படிக்கிற முள் கெட்டுவிட்டது, இவ்வளவு பழைய இயந்திரத்துக்குச் சாமான் தேடித்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மானேஜர் நேராகச் சோமு அண்ணன் மேல் பாய்ந்தார். உன்னை உள்ளே விட்டதே தப்பு, கொட்டகைக்கே போ என்றார். "சாமி சத்தியமா நா வெக்கலீங்க, எனக்குத்தான் தெரியுமே, அதுல விரலு படக்கூடாதுன்னு" என்று அவர் அழாத குறையாக நின்றார். எனக்கு யார் வைத்தார்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. சொன்னால் அப்பாவின் மானம் போகும். சொல்லாவிட்டால் நாலு பிள்ளைகளின் தகப்பன் தலையில் பழி விழும். நான்தான் பக்தியில் வைத்துவிட்டேன் என்றேன்.

மானேஜர் என்னை நம்பினாரோ இல்லையோ. சோமுவுக்கு ஒன்றும் இல்லை, உங்களை மட்டும் இப்போது விடுவதற்கில்லை, சாமான் வந்து இயந்திரம் மறுபடி நன்றாக ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். அந்த அப்புறம் எப்போது என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டேன். கத்தினேன் என்று சொல்வதுதான் சரி. "பக்தியிலை வைச்சனான் பிள்ளை" என்றார். பின்பக்கமும் பக்தியோ அப்பா என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "சபாக்கிலை நான் ஆர் பிள்ளை? இஞ்சை எண்டாலும் பெரிய கிராணி" என்றார். என் வாழ்க்கையில் நான் அவரை இப்படி வெறுத்ததும் இல்லை, அவருக்காக இப்படிப் பரிதாபப்பட்டதும் இல்லை. இரண்டையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து வீடு இப்படித்தான். அவர் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் இன்னொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவரும் வரட்டும் என்று நான் கூப்பிட்டுப் பார்த்தேன் அத்தான். மறைக்காமல் சொல்கிறேன், உங்களைக் கேட்காமல்தான் கூப்பிட்டேன். "அது நீ போற வீடு. நான் எப்பிடி வாறது?" என்று முடித்துவிட்டார். நம்மவர்கள் மகள் வீட்டில் போய் இருக்கக் கூசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மகள் கூப்பிட்டால் அது அழைப்பாகாது. மருமகன் வாயில் இருந்து வர வேண்டும்.

உங்கள் கடிதம் வந்தால் அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு எதிரே வந்து உட்காருவார். நமக்குள் இருப்பதை விட்டுவிட்டு மற்றதைப் படித்துக் காட்டுவேன். மீரி மழை, அலுவலகம், சாப்பாடு, மாமாவைச் சுகம் கேட்டதாகச் சொல்லவும். கடைசியில், "கெதியாக வாரும், வீடு பார்த்து வைத்திருக்கிறேன், வாரும்" என்று எழுதியிருப்பீர்கள். நான் மடித்ததும், "அவ்வளவுதானோ பிள்ளை?" என்பார். அவ்வளவுதான் அப்பா என்பேன். இத்தனை மாதமும் அவர் எதற்குக் காத்திருந்து அப்படிக் கேட்டார் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

வீடு சின்னது என்று தெரியும். அப்பா விடியும் முன்னே எழுந்து தேவாரம் பாடுவார், பத்திரிகையை உங்களுக்கு முன்னால் பிரித்துவிடுவார், உப்பு குறைந்தால் சொல்லிக்காட்டுவார். எல்லாம் உண்மைதான். ஒன்றையும் குறைத்துச் சொல்லவில்லை. அவர் செய்ததைக் கேட்ட பிறகு உங்களுக்கு மனசு வருமோ என்ற பயத்தோடுதான் இதையும் மறைக்காமல் எழுதினேன்.

வேறு புரோகிராம் தேட வேண்டாம், அந்த மூன்றாவதிலேயே இன்னொரு பிரதி எடுத்து அனுப்பினால் சரி. சாமான் வந்தால் சோமு அண்ணனே படித்துக்கொள்வார், என்னை விடவைக்க அது போதும். மறுபடியும் கெடாமல் இருக்க நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த கடிதத்தை என் பெயருக்குப் போட வேண்டாம், அப்பா பெயருக்கு எழுதுங்கள். "வாரும்" என்று நீங்கள் எழுதுகிற இடத்தில் "வாருங்கள்" என்று எழுதுங்கள். இரண்டு எழுத்துத்தான் கூடும்.

நீங்கள் நூறு வருடம் நன்றாயிருக்க வேண்டும். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

விமலா